உறைந்து இளகிய ஊசி மருந்து: தேதி இருந்தால் மட்டும் போதுமா?

தென்சென்னையில் 40 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டோர் பொறுப்பைப் பார்க்கும் மருந்தாளுநர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

அவர் அங்கே சேர்ந்து 8 மாதம் ஆகிறது. லேபுக்கு இடம் வேண்டும் என்று ஸ்டோரை அடித்தளத்துக்கு இறக்கிவிட்டார்கள். தடுப்பூசிகள், இன்சுலின், ஆக்ஸிடோசின், ஆபரேஷன் தியேட்டருக்கான சக்சினில்கோலின் எல்லாம் வீட்டு உபயோக டபுள் டோர் ஃப்ரிட்ஜ் ஒன்றில்தான் இருக்கின்றன. ஊழியர்களின் தயிர் டப்பாவும் அதிலேயே. போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு 5 மணி நேரம் கரண்ட் இல்லை. அந்த பிளக் பாயிண்டுக்கு ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது. கொடுக்கச் சொல்லி இவர் இரண்டு முறை வாட்ஸ்அப்பில் கேட்டும் நடக்கவில்லை. ஞாயிறு காலை விஷயம் தெரிந்து பதறி ஓடிவந்தவர், டயலை முழுக் குளிருக்குத் திருப்பி, ஃப்ரீசரிலிருந்த ஐஸ் பேக்குகளை வயல்களை (மருந்துக் குப்பிகளை) ஒட்டி அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். திங்கள் காலை பார்த்தால் பின்வரிசையில் இருந்த ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) தடுப்பூசி வயல்களும் சில இன்சுலின் வயல்களும் கட்டியாக உறைந்திருந்தன. வெளியே வைத்ததும் இளகி, குலுக்கியபோது "பழையபடியேதான் தெரிந்தது" என்கிறார். "எக்ஸ்பைரி அடுத்த வருஷம்தானே, போடலாம்" என்றார் மேலாளர். அன்று ஓ.பி.யில் இரண்டு குழந்தைகளுக்கு அந்த வயல்களிலிருந்து ஊசி போட்டும் விட்டார்கள். மறுநாள் இவர் மீதியை நிறுத்தி வைத்தார். உடனே, நஷ்டம் 64,000 ரூபாய், அதை உங்கள் சம்பளத்தில் பிடிப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

வயல்களைப் பயன்படுத்தலாமா, சம்பளத்தில் பிடிக்க முடியுமா, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போகலாமா, பேசாமல் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார். வியாழன்தோறும் கிளை கிளினிக்குக்குத் தெர்மகோல் பெட்டியில் பைக்கில் போகும் தடுப்பூசி பற்றியும், அழுக்குத் துணி டிராலி ஏறும் அதே லிஃப்டில் ஸ்டெரைல் செட்டுகள் (கிருமி நீக்கிச் சுற்றிவைத்த ஆபரேஷன் கருவிகள்) ஏறுவது பற்றியும் கடைசியில் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நிறுத்தி வைத்தது சரி. அதில் துளியும் சந்தேகப்படாதீர்கள். கடிதம் நெடுகச் சம்பளப் பிடித்தம் பற்றிய கவலை தெரிகிறது, அது நியாயம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த இரண்டு குழந்தைகள்

உறைந்த ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் ஊசியைப் போட்டால் அந்த டோஸ் கணக்கில் சேராது. போட்ட இடத்தில் வீக்கமோ கட்டியோ கொஞ்சம் அதிகமாக வரலாம். மற்றபடி அது விஷமாகிவிடுவதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: அட்டையில் டிக் விழுந்திருக்கும், உடம்பில் பாதுகாப்பு இருக்காது, பெற்றோர் நிம்மதியாக இருப்பார்கள்.

ஆகவே இன்றே ஓ.பி. ரெஜிஸ்டரையும் பேட்ச் எண்ணையும் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மேலாளர் வழியாகப் போகாதீர்கள். இது நிர்வாக விஷயம் அல்ல, சிகிச்சை விஷயம். அந்த டோஸை எப்போது திரும்பப் போடுவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அவரிடம் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இருவரில் யாராவது பிறந்த குழந்தையா, தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறதா? தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று வராமலிருக்க முதல் டோஸ் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போகவேண்டும் என்பது விதி. அப்படிப்பட்ட குழந்தை என்றால் ஏற்கெனவே நாள் போய்விட்டது, இனி ஒரு நாளும் தள்ள முடியாது.

பெற்றோரிடம் என்ன சொல்வது என்று தயங்க வேண்டாம். "திங்கட்கிழமை உங்கள் குழந்தைக்குப் போட்ட ஊசி மருந்து ஃப்ரிட்ஜில் உறைந்துபோயிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதனால் கெடுதல் வராது, ஆனால் பலன் தராது. மறுபடி போடுகிறோம், பணம் வேண்டாம்." இவ்வளவு போதும். போனில் சொல்பவர் மருத்துவராக இருக்கட்டும். சொன்ன தேதியையும் நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். இன்சுலினும் உறைந்திருந்தது என்பதால், திங்கட்கிழமைக்குப் பிறகு எந்த வார்டுக்கு எந்த பேட்ச் இன்சுலின் போனது என்பதையும் இண்டென்ட் புத்தகத்தில் தேடி, மீதி இருந்தால் திரும்ப வாங்குங்கள். டோஸ் கூட்டிக் கூட்டிப் போட்டும் சர்க்கரை இறங்காத நோயாளி யாராவது அந்த வார்டில் இருந்தால், டியூட்டி டாக்டரிடம் அந்தத் தகவல் உடனே போக வேண்டும்.

கெடுத்தது வெயில் அல்ல, ஐஸ்

இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் தெரிந்துகொண்டால்தான் அடுத்த முறை தவறாது. சனிக்கிழமை இரவு கரண்ட் போனதால் அந்தத் தடுப்பூசிகள் கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை அவற்றைக் காப்பாற்ற நீங்கள் எடுத்த நடவடிக்கைதான் கெடுத்தது.

தடுப்பூசி என்றாலே "எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது" என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. போலியோ சொட்டு மருந்தால் வந்த பழக்கம் அது. சொட்டு மருந்துக்கு வெப்பம்தான் எதிரி, உறைந்தால் ஒன்றும் ஆகாது. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட், டி.பி.டி., டி.டி. வகையெல்லாம் இதற்கு நேர் எதிர். இவற்றில் ஹெபடைடிஸ் பி வெப்பத்தை நன்றாகவே தாங்கும். மூடிய ஃப்ரிட்ஜில் 5 மணி நேரம் குளிர் குறைந்ததற்காக அது வீணாகிவிடாது. ஆனால் மைனஸ் அரை டிகிரியிலேயே அது உறையத் தொடங்கும். ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த ஐஸ் பேக் மைனஸ் பதினைந்து, இருபதில் இருக்கும். அதை வயலோடு ஒட்டி வைத்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உறைந்து இளகினால் என்னதான் கெடுகிறது? இந்த ஊசிகளில் மருந்தின் வேலை செய்யும் பகுதி, மிக நுண்ணிய அலுமினிய உப்புத் துகள்கள்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குலுக்கினால் பால் கலந்த தண்ணீர்போல் தெரிவது அதனால்தான். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது இந்தத் துகள்களை ஒன்றோடொன்று நெருக்கி அழுத்தும். ஒட்டிக்கொண்ட துகள்கள் இளகிய பிறகு பிரிவதில்லை. குலுக்கிய அந்த நிமிடம் பழையபடி தெரியும். கொஞ்ச நேரம் மேஜைமேல் விட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். "பழையபடியேதான் தெரிந்தது" என்று நீங்கள் எழுதியது அந்த முதல் நிமிடத்தை.

தேதி இருக்கிறதே என்று மேலாளர் சொன்னதற்கும் பதில் இதுதான். பெட்டியில் அச்சிட்ட எக்ஸ்பைரி தேதி, 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்தால் என்ற நிபந்தனையோடு வருவது. அந்த நிபந்தனை உடைந்த நாளே அந்தத் தேதியும் செல்லாது. வயல்மேல் உள்ள வி.வி.எம். குறியும் இங்கே உதவாது. வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வெப்பம் பட்டால் கருத்துப்போகும். உறைந்தால் அது வெளுப்பாகவே இருந்து நம்மை ஏமாற்றும்.

மீதி வயல்கள்: எது போகும், எது மிஞ்சும்

கண்ணால் கட்டியாகப் பார்த்த வயல்களுக்குச் சோதனையே வேண்டாம். அவை போனதுதான். முன்வரிசையில் இருந்து உறைந்ததா இல்லையா என்று தெரியாத தடுப்பூசி வயல்களுக்குக் குலுக்கல் சோதனை செய்யலாம். அதற்கு வேண்டிய ஒப்பீட்டு வயல் உங்கள் கையிலேயே இருக்கிறது: நிச்சயமாக உறைந்து இளகிய ஒன்று. அது அதே கம்பெனி, அதே பேட்ச் ஆக இருக்க வேண்டும். வேறு பேட்சோடு ஒப்பிட்டால் முடிவு செல்லாது. அதன்மேல் பேனாவால் "உறைந்தது" என்று எழுதிவிடுங்கள், தவறிப் பயன்பாட்டுக்குப் போய்விடக் கூடாது.

இரண்டு வயல்களையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து 10, 15 விநாடி நன்றாகக் குலுக்குங்கள். சமதளமான மேஜையில், வெளிச்சத்துக்கு எதிரே வைத்துவிட்டு அரை மணி நேரம்வரை தொடாமல் பாருங்கள். உறைந்த வயலில் சின்னச் சின்னத் திப்பிகளாக இறங்குவது தெரியும். மேலே தெளிந்த நீர் நிற்கும், அடியில் வண்டல் படியும். சந்தேக வயல் அதைவிட நிதானமாகத் தெளிந்து, கலங்கலாகவே இருந்தால் அது உறையவில்லை, வைத்துக்கொள்ளலாம். அதே வேகத்திலோ இன்னும் சீக்கிரமாகவோ தெளிந்தால் ஒதுக்கிவிட வேண்டியதுதான். ஒவ்வொரு பேட்சுக்கும் தனியாகச் செய்யுங்கள். பக்கத்தில் ஒருவரைச் சாட்சியாக வைத்து, முடிவை இருவரும் கையெழுத்திட்டு எழுதி வையுங்கள், போட்டோவும் இருக்கட்டும்.

இந்தச் சோதனை அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசிகளுக்கு மட்டும்தான். ஊசிவழிப் போலியோ மருந்துக்கும், நாய்க்கடி ஊசிக்கும், இன்சுலினுக்கும் பொருந்தாது. இன்சுலின் உறைந்திருந்தால், தெளிந்த இன்சுலின் கண்ணாடிபோல் தெரிந்தாலும்கூட, விலக்கிவிடுங்கள். மற்ற ஊசி மருந்துகளில் "உறைய விடாதீர்" என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால், பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு நடந்ததை அப்படியே எழுதிக் கம்பெனியிடம் எழுத்தில் பதில் கேளுங்கள். வாய்வார்த்தையாக விற்பனைப் பிரதிநிதி "ஒண்ணும் ஆகாது மேடம்" என்றால் அது பதில் ஆகாது.

முடிவு தெரியும்வரை அவற்றை ஒரு தனி டப்பாவில் "பயன்படுத்தக் கூடாது" என்று பெரிதாக எழுதி, 2 முதல் 8 டிகிரியிலேயே வையுங்கள். வெளியே எடுத்துப்போட்டால், மிஞ்சக்கூடியதும் கெட்டுவிடும். கழித்த வயல்களை ஸ்டாக் புத்தகத்தில் பேட்ச், எண்ணிக்கை, காரணத்தோடு கழித்து எழுதி, சப்ளையருக்குத் திருப்ப முடிந்தால் திருப்புங்கள். இல்லையென்றால் வீணான மருந்து என்ற வகையில், 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, மஞ்சள் பையில் பொதுக் கழிவு நிலையத்துக்குப் போக வேண்டும். சாக்கடையிலோ சாதாரணக் குப்பையிலோ போடக் கூடாது.

அந்த ஃப்ரிட்ஜ்

ஐஸ் பேக் இல்லாவிட்டாலும் அந்த ஃப்ரிட்ஜ் என்றைக்காவது இதைச் செய்திருக்கும். வீட்டு டபுள் டோர் ஃப்ரிட்ஜில் குளிர்காற்று பின்பக்கத் துளை வழியாக வருகிறது. அந்தக் காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். நடுவில் 5 டிகிரி இருக்கும்போதே துளைக்கு எதிரே மைனஸ் இருக்கலாம், கதவுத் தட்டில் 12 இருக்கலாம். டயலில் உள்ள எண் டிகிரி அல்ல. எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான்.

தடுப்பூசி வைக்கும் மருத்துவமனைக்கு மருந்துக்கென்றே செய்த ஃப்ரிட்ஜோ, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கும் ஐ.எல்.ஆர். பெட்டியோ வேண்டும். ஐ.எல்.ஆர். பெட்டியின் சுவர்களுக்குள் பனிக்கட்டிப் படலம் இருப்பதால், நாளில் 8 மணி நேரம் கரண்ட் இருந்தாலே குளிரைக் காக்கும். ஆனால் அதிலும் அடிப்பகுதிதான் மிகக் குளிர். உறையக்கூடாத ஊசிகளைக் கூடையில்தான் வைக்க வேண்டும், அடியில் அல்ல.

புதியது வாங்கும்வரை இருக்கிற ஃப்ரிட்ஜில் இப்படிச் செய்யுங்கள். உறையக்கூடாத ஊசிகள் நடுத்தட்டில் மட்டும், பின்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. கதவுத் தட்டிலும் காய்கறி டிரேயிலும் மருந்து வேண்டாம். அங்கே தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வையுங்கள். அந்தத் தண்ணீர்தான் கரண்ட் போனால் குளிரைப் பிடித்து வைக்கும். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவு காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனை, வயல்களுக்கு நடுவே இருக்கட்டும். காலையும் மாலையும் இரண்டு அளவையும் எழுதி ரீசெட் செய்யுங்கள். "4 டிகிரி" என்று முப்பது நாளும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் எழுதிய சார்ட்டுகளால் யாருக்கும் பயனில்லை. வெப்பநிலையைத் தானே பதிவுசெய்யும், அலாரம் உள்ள டேட்டா லாகர் ஒன்று இருந்திருந்தால், ஞாயிறு காலை உள்ளே எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதற்றத்தில் டயலைத் திருப்பியிருக்க மாட்டீர்கள்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், நேரத்தைக் குறித்துவையுங்கள், ஃப்ரீசரிலிருந்து எதையும் கீழே கொண்டுவராதீர்கள். லாகர் 8 டிகிரியைத் தாண்டும் நிலை வந்தால், பதப்படுத்திய ஐஸ் பேக் (வெண்பனி போய், உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை வெளியே வைத்தது) போட்ட கேரியருக்கு மாற்றுங்கள், அல்லது முன்பே பேசிவைத்த பக்கத்து மருத்துவமனைக்கு. அந்தப் பேச்சை இப்போதே முடித்து, போன் நம்பரைக் கதவில் ஒட்டுங்கள். ஜெனரேட்டர் இணைப்பு கொடுத்தபின், வாரம் ஒருமுறை மெயினை அணைத்து அந்தப் பாயிண்டுக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்ப்பதும் முக்கியம். பிளக்குக்குப் பக்கத்தில் "பிடுங்காதீர்" என்று ஒட்டுங்கள். சுத்தம் செய்ய வருபவர் மாப் மெஷினுக்காகப் பிடுங்கிவிட்டு மறப்பது அடிக்கடி நடப்பது.

தயிர் டப்பா இன்றே வெளியே போகட்டும்: அதற்காகத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிர் போகிறது. அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது சக்சினில்கோலின். தசையை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து, குழந்தைகளின் தடுப்பூசியோடு ஒரே தட்டில் இருக்கக் கூடாது. 2014-ல் சிரியாவின் இட்லிப் பகுதியில் தட்டம்மைத் தடுப்பூசியைக் கலக்க வேண்டிய நீருக்குப் பதில், அதேபோல் ஆம்பியூலில் இருந்த அட்ராகியூரியம் என்ற தசைத் தளர்ச்சி மருந்தை எடுத்துக் கலந்துவிட்டதால் 15 குழந்தைகள் இறந்தார்கள். இரண்டும் ஒரே குளிர்பெட்டியில் இருந்ததுதான் அந்தத் தவறுக்கு வழி திறந்தது. தசைத் தளர்ச்சி மருந்துகளை தியேட்டர் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். அது முடியாத நாள்வரை, மூடியுள்ள சிவப்பு டப்பாவில் "மூச்சை நிறுத்தும் மருந்து, தியேட்டருக்கு மட்டும்" என்று எழுதித் தனித் தட்டில் வையுங்கள்.

வியாழக்கிழமைப் பெட்டி

பைக்கில் போகும் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து நேராகப் போடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கிளினிக்கிலும் உறைந்த ஊசி போயிருக்க வாய்ப்பிருக்கிறது. சென்னை வெயிலில் 12 கிலோமீட்டர் போக வேண்டும் என்று பயந்து ஐஸைக் கூட்டுகிறீர்கள். பெட்டிக்குள்ளே வெயில் நுழைவதற்கு முன் ஐஸ் வேலையைக் காட்டிவிடும்.

தெர்மகோலை விட்டுவிட்டு, 4 ஐஸ் பேக் கொள்ளும் முறையான வேக்சின் கேரியர் வாங்குங்கள். அதில் 16 முதல் 20 வயல் கொள்ளும். மூடியைத் திறந்து திறந்து மூடாவிட்டால் 12 மணி நேரம் தாங்கும். ஐஸ் பேக்கில் குறிவரை வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். உப்புப் போடாதீர்கள், உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போய் நிற்கும். எடுத்தவுடன் மேலே வெண்பனி படிந்திருக்கும். மேஜைமேல் வரிசையாக வைத்துக் காத்திருங்கள். வெண்பனி போய், மேலெல்லாம் நீர்த்துளி அரும்பும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம்தான் அனுமதிச் சீட்டு; கடிகாரம் அல்ல, ஏனென்றால் மே மாதம் ஒரு நேரம், டிசம்பரில் ஒரு நேரம் ஆகும். பிறகு துடைத்து கேரியரில் போட்டு, வயல்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு நடுவில் வையுங்கள். இன்சுலினைப் பைக் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் வைத்து எடுத்துப் போவதாக இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வெயிலில் நிறுத்திய வண்டியில் அந்த இடம் அடுப்பு மாதிரி.

கிளினிக்கில் இருப்பவர் வாங்கிக்கொள்ளும்போது உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்து, நேரத்தோடு கையெழுத்திட வேண்டும். இதே பெட்டியை ரத்தப் பை கொண்டுவரவும் பயன்படுத்தும் பழக்கம் பல இடங்களில் உண்டு. சிவப்பணுப் பை ஐஸை நேராகத் தொட்டால் அணுக்கள் உடைந்துவிடும். பிளேட்லெட்டுக்கோ ஐஸே ஆகாது, அது 20 முதல் 24 டிகிரியில் வர வேண்டிய பொருள்.

அடித்தளமும் லிஃப்டும்

மருந்து ஸ்டோருக்கு அடித்தளம் சென்னையில் மிக மோசமான இடம். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் தென்சென்னையில் என்ன செய்தன என்று உங்கள் நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் வராத வருஷத்திலும் ஈரப்பதம் இருக்கிறது. ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசம் அடித்தால், ஈரம் அதை உடைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கட்டியாகும், கேப்சூல் ஒட்டிக்கொள்ளும்.

மாடிக்கு மாற்றக் கேளுங்கள். மேலே தண்ணீர்த் தொட்டியோ கழிவுநீர்க் குழாயோ ஓடாத அறையாக இருக்கட்டும். அதுவரை எதையும் தரையில் வைக்காதீர்கள்: தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரப் பலகை, சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் இடைவெளி, அடுக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் வேண்டாம். ஐ.வி. பாட்டில் பெட்டிகளைக் கீழேயும் விலையுயர்ந்த மருந்துகளை மேல் அலமாரியிலும் வையுங்கள். அக்டோபர் பாதியில் மழை தொடங்கும் முன், எதை எந்த வரிசையில் மேலே ஏற்றுவது என்ற பட்டியல் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். அதில் முதல் வரி ஃப்ரிட்ஜ் மருந்து.

ஸ்டெரைல் செட்டுகள் அந்த அடித்தளத்தில் இருக்கவே கூடாது. சுற்றிய துணி ஈரம் பட்டாலோ, கிழிந்தாலோ, கீழே விழுந்தாலோ, தேதி இருந்தாலும் மறுபடி ஆட்டோகிளேவ்தான். ஒரே லிஃப்ட் என்றால் நேரத்தைப் பிரியுங்கள்: காலையில் முதலில் சுத்தமான டிராலி, மூடியபடி, அழுக்குத் துணியும் கழிவும் அதற்குப் பிறகு, அவையும் மூடியபடி. அதன்பின் லிஃப்டைத் துடைத்துவிட்டுத்தான் மறுபடி சுத்தமானது ஏற வேண்டும். டிராலிகளை மட்டும் ஒருபோதும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். வெளியிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகளையும் ஸ்டெரைல் அறைக்குள் விடாதீர்கள். கரப்பான் முட்டையும் தூசியும் அதில்தான் வருகின்றன.

சம்பளம், புகார், ராஜினாமா

64,000 ரூபாயை அவர்களாக முடிவுசெய்து பிடித்துவிட முடியாது. 1936 ஊதியப் பட்டுவாடாச் சட்டக் காலத்திலிருந்தே இருக்கும் விதி இது: ஊழியரிடம் ஒப்படைத்த பொருள், அவருடைய கவனக்குறைவால் நேரடியாகச் சேதமானால்தான் பிடித்தம் செய்யலாம், அதற்கு முன் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும், சேதத்தின் அளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது. எனவே எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள்.

பதிலில் ஐஸ் பேக் வைத்ததை மறைக்காதீர்கள். ஞாயிறு காலை என்ன செய்தீர்கள் என்று உள்ளபடி எழுதுங்கள். கூடவே, ஜெனரேட்டர் இணைப்புக் கேட்டு அனுப்பிய இரண்டு வாட்ஸ்அப் செய்திகளின் பிரதி, தெர்மாமீட்டர் கிடையாது என்பது, கரண்ட் போனால் என்ன செய்வது என்ற எழுத்து வடிவ நடைமுறை எதுவும் மருத்துவமனையில் இல்லை என்பது, வீட்டு ஃப்ரிட்ஜைக் கொடுத்தது நிர்வாகம் என்பது, உறைந்ததைக் கண்டு நீங்கள்தான் நிறுத்தினீர்கள் என்பது எல்லாம் வரிசையாக இருக்கட்டும். உங்கள் பங்கு ஒரு தவறான கணிப்பு. நிர்வாகத்தின் பங்கு பல மாத அலட்சியம். நேர்மையாக எழுதினால் இந்தக் கணக்கு படிப்பவருக்குத் தானே தெரியும். அதற்கும் மசியாமல் பிடித்தால் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம். ஒரு வழக்கறிஞரிடம் நோட்டீஸையும் உங்கள் நியமனக் கடிதத்தையும் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போவது பற்றி: அந்த அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, வழி திறந்தே இருக்கிறது. அடித்தளமும் ஃப்ரிட்ஜும் மட்டும்தான் பிரச்சினை என்றால், முதலில் மருத்துவ இயக்குநருக்கு எழுத்தில் கொடுத்து ஒரு வாரம் பார்ப்பது நல்லது. பெரும்பாலான இடங்களில் மேலாளரைத் தாண்டி மருத்துவரின் மேஜைக்கு விஷயம் போகும்போதே வேலை நடந்துவிடும். ஆனால் நீங்கள் ஒதுக்கிய வயல்களை எடுத்து மறுபடி பயன்படுத்த முயன்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். மருந்து உரிமத்தில் பதிவுபெற்ற மருந்தாளுநராக உங்கள் பெயர்தான் இருக்கிறது என்றால், "மேலாளர் சொன்னார்" என்ற வார்த்தை நாளை உங்களைக் காப்பாற்றாது. புகார் கொடுத்தால் வேலையிடத்தில் நெருக்கடி வரும் என்பதும் உண்மை. அதனால்தான் எல்லாவற்றையும் தேதியோடு எழுத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ராஜினாமாவை இப்போது கொடுக்காதீர்கள். இந்த நிலையில் போனால் நஷ்டக் கணக்கு முழுதும் உங்கள் தலையில் விழும், பதில் சொல்ல நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். குழந்தைகளுக்கு மறு டோஸ் போய், வயல்கள் முறைப்படி கழிந்து, விளக்கக் கடிதத்துக்குப் பதில் வந்தபிறகு யோசியுங்கள். அப்போதும் போகத்தான் முடிவென்றால், உங்களுக்கு அடுத்து வருபவரோடு சேர்ந்து ஸ்டாக் எண்ணி, பேட்ச் வாரியாகப் பட்டியல் போட்டு, இருவரும் கையெழுத்திட்ட பிரதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். விலகிய தேதியைக் குறிப்பிட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதுங்கள். அந்த உரிமத்தில் உங்கள் பெயர் இருக்கும்வரை அந்த ஃப்ரிட்ஜுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.